சிட்டையும் பேரேடும்

பழைய மளிகைக் கடைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் கணக்குப்பிள்ளையிடம் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று சிட்டை. அன்றாட வரவு செலவுகள், நடந்த வரிசையிலேயே, அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படும். ஆள் யார், பழைய பாக்கி எவ்வளவு என்ற ஆராய்ச்சிக்கெல்லாம் அங்கே இடமில்லை. வாடிக்கையாளர் படியிறங்குவதற்குள் ஒரு வரி விழுந்தாக வேண்டும், அவ்வளவுதான். மற்றொன்று பேரேடு. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பக்கம். கடை ஓய்ந்த வேளையில் சிட்டையில் உள்ளவற்றைப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ஏற்றி முடித்த இடத்தில் சிட்டையில் ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்கு மேலுள்ளவை பேரேட்டில் சேர்ந்துவிட்டன. இனிமேல் ஏதேனும் ஐயம் வந்தால் கோட்டுக்குக் கீழுள்ளவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

நான் பல ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்துவது இந்த இரண்டு புத்தகங்களின் கணினி வடிவத்தை வைத்துத்தான். தரவுத்தளம் என்று நாம் சொல்லும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்குப்பிள்ளையின் வழியையே பின்பற்றுகின்றன. போஸ்ட்கிரெஸ் என்ற கட்டற்ற தரவுத்தளத்தில் சிட்டைக்கு 'வால்' என்று பெயர். முன்கூட்டியே எழுதப்படும் பதிவேடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது; தமிழில் சொல்லும்போது சிரிப்பு வருவது தற்செயல். பேரேடு என்பது வட்டில் இருக்கும் தரவுக் கோப்புகள். அவை ஒவ்வொன்றும் 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்பட்டவை. சிட்டையில் போடும் அந்தக் கோட்டுக்குப் பெயர் செக்பாயிண்ட்.

இந்தக் கட்டுரை அந்தக் கோட்டைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், கோடு போடுவதற்கு முன் பேரேட்டின் பக்கங்களை எந்த வரிசையில் எழுதுவது என்ற கேள்வியைப் பற்றியது. இலக்கிய வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒத்திப்போட்ட வேலையை ஒழுங்கு செய்யும் பொறுப்பு யாருடையது, அது தவறினால் யார் காத்திருக்க நேர்கிறது என்பதுதான் அடியில் இருக்கும் கேள்வி. அது கணினிக்கு மட்டுமே உரியதல்ல என்று நினைக்கிறேன்.

*

முதலில் பொறியின் இயக்கத்தைச் சற்றுப் பார்த்துவிடலாம்.

ஒரு பதிவை நீங்கள் மாற்றும்போது போஸ்ட்கிரெஸ் உடனே வட்டிலுள்ள பக்கத்தைத் தொடுவதில்லை. அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை நினைவகத்தில் வைத்திருக்கிறது. அந்த நகல் வைக்கப்படும் இடத்துக்குப் பெயர் பஃபர். மாற்றம் பஃபரில் நிகழ்கிறது. கூடவே மாற்றத்தின் விவரம் சிட்டையில் ஒரு வரியாக எழுதப்பட்டு வட்டுக்குப் போய்ச் சேர்கிறது. சிட்டையின் வரி வட்டில் பதிந்த பிறகே 'ஆயிற்று' என்ற பதில் உங்களுக்கு வரும். அதன் பின் மின்சாரம் போனாலும் கவலையில்லை. சிட்டையைப் படித்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். பஃபரில் மாறி, வட்டில் இன்னும் மாறாமல் இருக்கும் பக்கத்தைத் தொழில்மொழியில் அழுக்குப் பக்கம் என்பார்கள். நல்ல சொல். துவைக்கப்போடாத துணி போல அது சேர்ந்துகொண்டே போகும்.

எத்தனை நாள் சேர்க்கலாம்? சேரச்சேர, விபத்துக்குப் பின் படிக்கவேண்டிய சிட்டையின் நீளமும் கூடும். ஆகவே இயல்பான அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, அல்லது சிட்டை குறிப்பிட்ட அளவு வளர்ந்தால் அதற்கு முன்பே, அழுக்குப் பக்கங்கள் அனைத்தையும் எழுதிவிட்டுக் கோடு போடுகிறார்கள்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் உருவான மூல போஸ்ட்கிரெஸில் இந்தச் சிட்டையே கிடையாது. 2001இல் வந்த 7.1 பதிப்பில்தான் அது சேர்ந்தது. சிட்டை வைத்து மீளும் முறையின் இலக்கணம் அதற்கு முன்பே 1992இல் எழுதப்பட்டுவிட்டது. ஐ.பி.எம். ஆய்வாளர்கள் ஐவர் வெளியிட்ட 'ஏரீஸ்' என்ற ஆய்வுக்கட்டுரை அது. முதல் ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்தவர். ஏரீஸ் முறையில் கோடு போடுவதற்காக எல்லாப் பக்கங்களையும் எழுதித் தீர்க்க வேண்டியதில்லை. எவை அழுக்கு என்ற பட்டியலைக் குறித்துக்கொண்டால் போதும். போஸ்ட்கிரெஸ் அந்த வழியில் போகவில்லை. அதன் கோடு என்பது கணக்குப்பிள்ளையின் கோட்டைப் போலவே கறாரானது. கோட்டுக்கு மேல் ஒரு வரிகூடப் பாக்கி இருக்கக் கூடாது.

கறாரான மனிதர்களுடன் வாழ்வதில் உள்ள சிரமம் இதிலும் உண்டு.

*

2012 வாக்கில் ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பதிவுக்கான தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது. 16 கிகாபைட் நினைவகம், சுழலும் வட்டுகள் இரண்டு, போஸ்ட்கிரெஸ் 9.1. காலை எட்டு மணிக்கு வரிசை தொடங்கிவிடும். பெயர், வயது, ஊர் கேட்டுச் சீட்டுப் போட்டுத் தருவார்கள். கணினி அவ்வப்போது நின்றுவிடுகிறது என்பதுதான் புகார். மென்பொருளைச் செய்து கொடுத்தவர்கள் அனுப்பிய அறிக்கையில், ஒரு பதிவுக்கு ஆகும் சராசரி நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு என்று இருந்தது. நான் பார்த்தவரை அந்தக் கணக்கில் பிழையில்லை.

பதிவுச் சன்னலில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் இருந்தார். இரண்டு நாள் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்தான் சொன்னார்: "சும்மா சும்மா நிக்கல சார். கடிகாரத்தப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ மூச்சு வாங்குது."

பார்த்தேன். இருபது விநாடி, சில சமயம் முப்பது. முப்பது விநாடி என்பது எழுதும்போது சிறியது. காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய்க்கும், அவருக்குப் பின்னால் நெரிபடும் அறுபது பேருக்கும் அது சிறியதல்ல. வரிசை ஒருமுறை குலைந்தால் மீண்டும் அமைய ஐந்து நிமிடமாகும். அதற்குள் அடுத்த மூச்சு. அந்தப் பெண் இதற்கு ஒரு வழியும் கண்டிருந்தார். விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு நீளநோட்டு. கணினி நின்றதும் வருகிறவர்களின் பெயரையும் வயதையும் அதில் வரிசையாக எழுதி, கையால் எண் போட்டு உள்ளே அனுப்பிவிடுவார். கணினிக்கு உயிர் வந்ததும் நோட்டைப் பார்த்து ஏற்றுவார். ஏற்றிய வரிகளின் கீழே ஒரு கோடு. ஏரீஸ் கட்டுரையை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

செக்பாயிண்ட் பற்றிய விவரத்தைப் பதிவுக்கோப்பில் எழுதச் சொல்லும் ஒரு விசை போஸ்ட்கிரெஸில் உண்டு. அதைத் திறந்துவிட்டபோது உண்மை தெரிந்தது. கோப்புகளை வட்டில் உறுதிசெய்ய ஆன நேரத்துக்கு 9.1 பதிப்பு இரண்டு எண்களைத் தருகிறது: சராசரி, மிக நீண்டது. சராசரி சாதுவாக இருந்தது. மிக நீண்டது இருபது விநாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

*

நடந்தது இதுதான். ஒரு பக்கத்தை எழுது என்று போஸ்ட்கிரெஸ் சொல்லும்போது அது நேரே வட்டுக்குப் போவதில்லை. லினக்ஸ் கெர்னல் அதை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று சொல்லிவிடுகிறது. கெர்னலும் ஒத்திப்போடுகிற ஆசாமிதான். இயல்பான அமைப்பில், இருக்கும் நினைவகத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு அழுக்கு சேரும்வரையோ, பக்கம் அழுக்காகி 30 விநாடி ஆகும்வரையோ அது அசைவதில்லை. இறுதியில் போஸ்ட்கிரெஸ், இந்தக் கோப்பில் உள்ள அனைத்தையும் இப்போதே வட்டில் பதி என்று கட்டளையிடுகிறது. எஃப்சிங்க் என்பது அந்தக் கட்டளையின் பெயர். அந்தக் கணத்தில் நூற்றுக்கணக்கான மெகாபைட் ஒரே வீச்சில் வட்டின்மேல் விழுகிறது. சன்னலில் இருப்பவர் எழுதும் ஒரு சிட்டை வரியும் அதே வட்டுக்குத்தான் வரவேண்டும். அது பெருங்கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறது.

வட்டின் இயல்பையும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிவிநாடிக்குச் சற்று அதிகம் எடுத்துக்கொள்ளும். எழுதுமுனை சரியான தடத்துக்கு நகரவும், தட்டு சரியான இடத்துக்குச் சுழன்று வரவும் சேர்த்துச் சராசரியாக 12 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளலாம். 1,00,000 பக்கங்கள் தட்டெங்கும் சிதறிக் கிடந்து, ஒவ்வொன்றுக்கும் முனை நகர வேண்டுமானால் 20 நிமிடம். அதே 1,00,000 பக்கங்கள், ஏறத்தாழ 780 மெகாபைட், அடுத்தடுத்து இருந்து தொடர்ச்சியாக எழுதப்பட்டால், விநாடிக்கு 100 மெகாபைட் என்ற சாதாரண வேகத்திலேயே எட்டு விநாடி. வேலை ஒன்றுதான், வரிசை மட்டுமே வேறு. முனையின் போக்கை ஒழுங்கு செய்வது குறித்து பீட்டர் டென்னிங் 1967லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மின்தூக்கி ஒரு திசையில் போகும்போதே வழியிலுள்ள தளங்களில் எல்லாம் நின்று செல்வதுபோல முனையும் செல்லட்டும் என்பது அதன் சாரம். தபால்காரர் சைக்கிளில் ஏறும் முன் கடிதங்களைத் தெருவாரியாக அடுக்கிக்கொள்வதும் இதற்காகத்தான்.

போஸ்ட்கிரெஸ் அடுக்கிக்கொள்ளவில்லை. பஃபர்கள் நினைவகத்தில் எந்த வரிசையில் அமர்ந்திருந்தனவோ அதே வரிசையில் எழுதியது. ஒரு பஃபரில் எந்தப் பக்கம் வந்து அமரும் என்பது அந்நேரத்துத் தற்செயல். ஆகவே எழுதும் வரிசையும் கிட்டத்தட்டத் தற்செயலே.

*

இதை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஜப்பானியரான இடாகாகி தாகாஹிரோ 2007லேயே, எழுதும் முன் பக்கங்களை வரிசைப்படுத்தலாம் என்று முன்வைத்தார். அதே காலத்தில் அவரும் ஹெய்க்கி லின்னகங்காஸும் செய்த மற்றொரு வேலை, செக்பாயிண்டின் எழுத்தை ஒரே மூச்சில் கொட்டாமல் காலத்தில் பரப்புவது. 2008 பிப்ரவரியில் வெளியான 8.3 பதிப்பில் பரப்புவது இடம்பெற்றது. வரிசைப்படுத்துவது இடம்பெறவில்லை.

ஏன் என்பது எனக்கு எப்போதும் சுவையான கேள்வி. 1,00,000 உருப்படிகளை வரிசைப்படுத்த இன்றைய கணினிக்கு ஒரு கண்ணிமைப்புகூடத் தேவையில்லை. பாடப்புத்தக வேலை. ஆனால் தடைகள் மூன்று இருந்தன, மூன்றும் அறிவுள்ள தடைகள்.

முதலாவது, அதைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும் என்பது. இது பொய்யல்ல. தன்னிடம் குவிந்த பக்கங்களைக் கெர்னல் கோப்புவாரியாக, கோப்புக்குள் வரிசையாகத்தான் எழுத முயல்கிறது. ஆனால் அப்படி வரிசைப்படுத்த அதனிடம் நிறையக் குவிய வேண்டும். நிறையக் குவிந்தால் கடைசியில் அந்த இருபது விநாடி. குவியவிடாமல் அடிக்கடி சிறு சிறு கையளவாக வட்டுக்குத் தள்ளினால் வரிசைக்கு வாய்ப்பே இல்லாமல் சிதறிய எழுத்து. கெர்னலை நம்பியவரை இந்த இரண்டு தீமைகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. பெரிய நிறுவனங்களில் தரவு பல வட்டுகளில் பிரிந்திருக்கும். முறையாக வரிசைப்படுத்தினால் முதல் வட்டின் பக்கங்கள் எல்லாம் முதலில், இரண்டாம் வட்டின் பக்கங்கள் எல்லாம் பிறகு என்று ஆகும். ஒன்று திணறும்போது மற்றொன்று சும்மா இருக்கும். தற்செயல் வரிசை எவ்வளவு மோசமானாலும் எல்லா வட்டுகளுக்கும் வேலையைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. ஒழுங்கின்மையே ஒரு நியாயத்தை ஓசையின்றி வழங்கிவந்திருக்கிறது. அதைக் கலைப்பவர் அந்த நியாயத்துக்கு மாற்று ஏற்பாடு செய்தாக வேண்டும்.

மூன்றாவது, வரிசைப்படுத்த நினைவகம் வேண்டும். கேட்ட வேளையில் அது கிடைக்காமல் போனால் செக்பாயிண்டே நிகழாது. எந்தச் சூழலிலும் தவறக்கூடாத ஒரு கடமை, அதைச் செய்யும் நேரத்தில் யாரிடமும் கையேந்தி நிற்கக் கூடாது.

*

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இம்மூன்றுக்கும் விடை வந்தது. பாரிஸின் எக்கோல் தே மீன் என்ற சுரங்கப் பொறியியல் கல்லூரியைச் சேர்ந்த ஃபேபியன் கோயெலோவும், போஸ்ட்கிரெஸின் முக்கிய நிரலாளர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டும் செய்த மாற்றம் 2016 மார்ச்சில் மூலநிரலில் சேர்ந்து, அவ்வாண்டு செப்டம்பரில் 9.6 பதிப்பாக வெளிவந்தது.

இப்போது செக்பாயிண்ட் தொடங்கியதும் அழுக்குப் பக்கங்களின் பட்டியல் ஒன்று எடுக்கப்படுகிறது. எந்தச் சேமிப்பிடம், எந்த அட்டவணை, அதன் எந்தக் கிளை, எத்தனையாவது பக்கம் என்ற முறையில் அது வரிசைப்படுத்தப்படுகிறது. ஒரு பஃபருக்கு 20 பைட் என்ற கணக்கில் இதற்கான நினைவகம் சேவையகம் தொடங்கும்போதே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. 8 கிகாபைட் பஃபருக்கு 20 மெகாபைட். கையேந்தும் பிரச்சினை அத்தோடு முடிந்தது. சேமிப்பிடங்கள் பல இருந்தால், ஒவ்வொன்றிலும் எந்த அளவு வேலை முடிந்திருக்கிறது என்று பார்த்து, பின்தங்கியிருப்பதிலிருந்து அடுத்த பக்கம் எடுக்கப்படுகிறது. பந்தியில் பரிமாறத் தெரிந்தவர் ஒரு வரிசைக்குப் பாயசம் வந்துவிட்டதா, மறு வரிசை இன்னும் சாம்பாரிலேயே நிற்கிறதா என்று கண்ணோட்டிக்கொண்டே நடப்பாரே, அது போல.

கெர்னலுக்கும் புதிய ஏற்பாடு. லினக்ஸில் 256 கிலோபைட்டுக்கு ஒருமுறை, அதாவது 32 பக்கங்களுக்கு ஒருமுறை, சேர்த்து வைக்காமல் எழுதத் தொடங்கு என்று சொல்லிவிடுகிறார்கள். முன்பு இதைச் செய்திருந்தால் சிதறிய எழுத்தால் வட்டு தவித்திருக்கும். இப்போது அந்த 32 பக்கங்களும் பெரும்பாலும் அண்டை வீட்டுக்காரர்கள். வரிசை இருப்பதால் அடிக்கடி தள்ள முடிகிறது. அடிக்கடி தள்ளுவதால் இறுதியில் மலை விழுவதில்லை. இரண்டில் எது ஒன்றும் தனியாக நின்றிருந்தால் பயன் பாதிகூட இருந்திருக்காது.

கோயெலோ இதற்கு முன் செய்த இரண்டு சிறிய வேலைகளைத்தான் நான் இதைவிட அதிகம் மெச்சுவேன். போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளக்க பிஜிபெஞ்ச் என்ற கருவி உண்டு. முழு வேகத்தில் ஓடவிட்டு விநாடிக்குச் சராசரியாக எத்தனை பரிவர்த்தனை என்று சொல்வது அதன் வழக்கம். 9.4 பதிப்பில், முழு வேகத்தில் அல்லாமல் ஒரு குறிப்பிட்ட நிதானத்தில், மனிதர்கள் வந்துகொண்டிருப்பதைப்போலப் பரிவர்த்தனைகளை அனுப்பும் வசதியைச் சேர்த்தார். 9.5 பதிப்பில், குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டித் தாமதமானவை எத்தனை என்று எண்ணும் வசதியைச் சேர்த்தார். சராசரி மறைத்துவைத்திருந்தது இந்த அளவுகோலில் அகப்பட்டது. அளவுகோல் மாறாமல் இருந்திருந்தால், வரிசைப்படுத்துவதால் பெரிய பயனில்லை என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருந்திருப்போமோ என்னவோ.

*

மருத்துவமனைக்கு அப்போது இந்த விடைகள் எதுவும் இல்லை. எழுத்து பரவும் காலத்தை இடைவெளியின் பாதியிலிருந்து பத்தில் ஒன்பது பங்காக நீட்டினேன். கெர்னல் சேர்த்துவைக்கும் அளவைக் குறைத்தேன். சிட்டையை மட்டும் தனி வட்டுக்கு மாற்றினேன். இருபது, முப்பது என்றிருந்தது ஏழெட்டு விநாடியாயிற்று. மூச்சு வாங்குவது பெருமூச்சாகக் குறைந்தது எனலாம். அந்தப் பெண் நீளநோட்டை மேசையிலிருந்து அகற்றவில்லை. நானும் அகற்றச் சொல்லவில்லை. 2017இல் 9.6 பதிப்புக்கு மாற்றிய பிறகு, அதே வட்டுகளில், ஐந்து நிமிடத் தாளம் கடிகாரத்தை வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. அதற்குள் அவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டிருந்தார்.

இன்று சுழலும் வட்டுகள் சேவையகங்களிலிருந்து பெரும்பாலும் விடைபெற்றுவிட்டன. முனையும் இல்லை, தடமும் இல்லை. இனி வரிசை எதற்கு என்று இளைய நண்பர்கள் கேட்கிறார்கள். அடுத்தடுத்த பக்கங்கள் சேர்ந்து ஒரே பெரிய எழுத்தாகும் நன்மை திடநிலை வட்டிலும் உண்டு என்பது ஒரு பதில். பரப்பும் அளவும் 2021இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே பத்தில் ஒன்பது பங்கு ஆகிவிட்டது. ஆகவே நான் பட்ட பாடு இன்று யாருக்கும் இல்லை. நல்லதே.

ஆனால் எனக்கு இதில் மிஞ்சுவது வட்டைப் பற்றிய செய்தி அல்ல. எந்தப் பக்கம் எந்தப் பக்கத்துக்கு உறவு, எது எப்போது முடிந்தாக வேண்டும் என்பதெல்லாம் முழுமையாகத் தெரிந்தது தரவுத்தளத்துக்குத்தான். கெர்னலுக்குத் தெரிந்தவை வெறும் கோப்புகளும் எண்களும். அறிந்தவர், அறியாதவரிடம் ஒழுங்கை ஒப்படைத்துவிட்டு, அவர் பார்த்துக்கொள்வார் என்றிருந்த காலம் அது. நம் அலுவலகங்களிலும் குடும்பங்களிலும் இந்த வாக்கியம் எத்தனை முறை சொல்லப்படுகிறது! பெரும்பாலும் அவர் பார்த்துக்கொள்ளவும் செய்கிறார். அதனால்தான் சராசரி நன்றாக இருக்கிறது. தவறும் அந்தச் சில விநாடிகளின் விலையைக் கொடுப்பவர் ஒப்படைத்தவரும் அல்ல, ஏற்றுக்கொண்டவரும் அல்ல. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிற்கும் மூன்றாமவர்.

செக்பாயிண்ட் பதிவுகளில் சராசரிக்கு முன்னால் அந்த 'மிக நீண்டது' என்ற எண்ணைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெரும்பாலான நாட்களில் அது ஒரு விநாடியின் சிறு பின்னம். அப்படி இல்லாத நாளில், வேறெதையும் தொடுவதற்கு முன், அந்த நேரத்தில் சன்னலில் யார் இருந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். கணினியைவிடச் சரியாக அவர்கள் சொல்லிவிடுவார்கள்.